பெரட்டில் என் பெயர்

அன்பானவர்களே, மற்றவர்கள் சாட்சியை எழுந்து நின்று சொல்வார்கள். நான் எழுதித் தருகிறேன். யாராவது சத்தமாக வாசித்துக்கொள்ளுங்கள். எனக்குக் குரல் இல்லை. இருபது வருஷத்துக்கு மேல் வாயை வைத்தே ஊழியம் செய்த ஒரு போதகனுக்கு வாய் அடைத்துப்போனால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். என் மனைவி கிரேஸைக் கேட்டால், "வீடு இப்பதான் நிம்மதியா இருக்கு" என்பாள். அவள் அப்படித்தான். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவள் அழுத அழுகையை யாரிடமும் சொல்லமாட்டாள். அதனால் நான் சொல்லிவிடுகிறேன்.

போன வருஷம் ஈஸ்டர் முடிந்த வாரம் தொண்டை கரகரத்தது. பாடிப் பாடிக் கட்டிக்கொண்டது என்று விட்டுவிட்டேன். சபைப் பெண்கள் விடவில்லை. ஒருவர் உப்புத் தண்ணீர், ஒருவர் தேன், ஒருவர் மிளகுக் கஷாயம், இன்னொருவர் சீனன் மருந்துக் கடையிலிருந்து ஏதோ கருப்புப் பொடி என்று ஆளுக்கொன்று கொண்டுவந்தார்கள். யார் மனமும் நோகக்கூடாதென்று எல்லாவற்றையும் குடித்தேன். வயிறு கெட்டதுதான் மிச்சம். ஒரு நாள் காலையில் கடையில் ரொட்டி சானாய் கேட்க வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. கடைக்காரத் தம்பி என் முகத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டான்.

ஈப்போவில் ஒரு ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்தார்கள். குரல்வளையில் கட்டி. டாக்டர் ஒரு மலாய்ப் பெண்மணி, என் மகள் வயதுதான் இருக்கும். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அறுத்து எடுத்துவிடலாம், உயிருக்குப் பயம் வேண்டாம், ஆனால் குரல் பழையபடி வருமென்று வாக்குக் கொடுக்க முடியாது என்றார். நான் தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன். காரில் உட்கார்ந்ததும் எனக்குக் கோபம் வந்தது. துக்கம் அப்புறம்தான் வந்தது. ஆண்டவரே, காலை எடுத்துக்கொள்ளும், கையை எடுத்துக்கொள்ளும், ஒரு பிரசங்கியாரிடம் வந்து குரலையா எடுப்பது என்று மனதுக்குள் சண்டை போட்டேன். கிரேஸ் காரைக் கிளப்பாமல் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தாள்.

இந்த இடத்தில் எங்கள் சபையைப் பற்றிச் சொல்லவேண்டும். சொன்னால்தான் நான் எதை இழக்கப் பயந்தேன் என்று உங்களுக்குப் புரியும்.

எட்டாங்கட்டைத் தோட்டம் என்று சொல்வோம். ஒரு காலத்தில் கித்தா, அதாவது ரப்பர்க் காடு, இப்போது பாதி செம்பனை, பாதி தாமான் குடியிருப்பு வீடுகள். வேலையாட்கள் குடியிருந்த லயங்களை இடித்தபோது சனங்கள் சிதறிப்போனார்கள். சிலர் சிலிபினுக்கு, சிலர் குனோங் ராபாட்டுக்கு, கையில் ஒன்றும் இல்லாதவர்கள் பக்கத்திலேயே கட்டிய மலிவு விலை அடுக்குமாடிக்கு. தோட்டத்துப் பெண்கள் பால் எடுக்க மரம் வெட்டப் போகையில் பிள்ளைகளை விட்டுப்போகிற ஆயாக் கொட்டகை மட்டும் இடிபடாமல் நின்றது. பலகைச் சுவர், தகரக் கூரை. அதுதான் எங்கள் தேவாலயம். அறுபது பேர் உட்காரலாம். நாற்பது பேர் வந்தால் கிரேஸ் சோறு பற்றுமா என்று கவலைப்பட ஆரம்பித்துவிடுவாள்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. வேறெங்கும் நான் பார்த்ததில்லை. தோட்டத்தில் விடியுமுன்னே பெரட்டு எடுப்பார்கள். கணக்கெழுதுகிற கிராணி பேர் கூப்பிடுவார், ஆட்கள் வரிசையாக நின்று பதில் சொல்லவேண்டும். பதில் இல்லையென்றால் அன்றைய கூலி இல்லை. லயங்களை இடித்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பாதிப் பெஞ்சுகள் காலியாகக் கிடந்தன. யார் எங்கே போனார்கள் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அப்போது எங்கள் மரியக்காதான் எழுந்தார். அவரும் முன்னே மரம் வெட்டியவர்தான்.

"தொரைக்குப் பயந்துகிட்டு அத்தன வருஷம் பெரட்டுல நின்னோம். இப்ப ஆண்டவர் வீட்டுல நிக்கமாட்டோமா? கூப்டுங்க பாஸ்டர், ஒவ்வொரு வீடா" என்றார்.

அன்றிலிருந்து ஆராதனை முடிந்ததும் நான் பெரட்டு எடுப்பேன். குடும்பம் குடும்பமாகப் பேர் சொல்வேன். "இருக்கோம்" என்று பதில் வரும். பதில் வராத வீட்டுக்கு அன்று மத்தியானமே, சபையில் சமைத்த சோறு அடுக்குத் தூக்கில் போகும். காய்ச்சலா, சண்டையா, வேலையா, வர மனமில்லையா, எதுவாக இருந்தாலும் சோறு போகும். கூடவே ஆளும் போகும். தோட்டத்துப் பெரட்டில் இல்லாதவனுக்குக் கூலி வெட்டு, எங்கள் பெரட்டில் இல்லாதவனுக்குக் கோழிக்கறி. சில பேர் கோழிக்கறிக்காகவே வராமல் இருக்கிறார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. அதில் முதல் ஆள் முனியாண்டி அண்ணன்.

முனியாண்டி அண்ணன் எங்கள் எஸ்தர் அக்காவின் வீட்டுக்காரர். ஹுத்தான் மெலிந்தாங் பக்கத்திலிருந்து வருகிற கடல் மீனை ஈப்போ பசாரில் எடுத்து, மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி, தோட்டம் தோட்டமாக விற்றவர். இப்போதும் விற்கிறார். "மீனு மீனு மீனேய்" என்று அவர் ஒரு குரல் கொடுத்தால் முதல் லயத்திலிருந்து கடைசி லயம் வரைக்கும் பூனைகள் எழுந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை எஸ்தர் அக்காவை மோட்டாரில் கொண்டுவந்து விடுவார். உள்ளே வரமாட்டார். ஜன்னலுக்கு வெளியே ரம்புத்தான் மரத்தடியில் மோட்டார் மேல் உட்கார்ந்துகொண்டு முழு ஆராதனையையும் கேட்பார்.

நான் விடுவேனா? பெரட்டில், "எஸ்தர், முனியாண்டி குடும்பம்" என்று இரண்டு பேரையும் சேர்த்தே கூப்பிடுவேன். எஸ்தர் அக்கா, "நான் இருக்கேன்" என்பார். ஜன்னல் பக்கம் எல்லாரும் திரும்பிப் பார்ப்போம். அவர் மரத்து மேலே ஏதோ பறவையைப் பார்ப்பதுபோல இருப்பார். பாதிக் குடும்பம் பதில் சொல்லவில்லையென்றாலும் அந்த வீட்டுக்குத் தூக்கு போகும் என்று நான் ஒரு சட்டம் போட்டிருந்தேன். அதனால் எஸ்தர் அக்கா தன் கையால் ஆக்கிய கறியை நான் தூக்கில் போட்டு, எஸ்தர் அக்காவின் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அண்ணன் போடுகிற தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வருவேன். வருஷக்கணக்காக நடந்தது இது. கிரேஸ் சிரிப்பாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டி போய்விட்டது. அதற்குப் பிறகு கதிர் வைத்தியம். அதுவும் முடிந்தது. உயிரோடு இருந்தேன், ஸ்தோத்திரம். ஆனால் குரல் என்ற பேரில் ஒரு காற்றுதான் மிஞ்சியது. பக்கத்தில் காதை வைத்தால் கேட்கும். ஒரு அடி தள்ளி நின்றால் கேட்காது. கையில் ஒரு சின்னப் பலகையும் மார்க்கரும் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

எங்கள் சபைகளின் தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் பார்க்க வந்தார்கள். பழக்கூடையோடு வந்தார்கள். மேலிடத்து ஆட்கள் பழக்கூடையோடு வந்தாலே எனக்குக் கொஞ்சம் கலக்கம்தான். நல்ல மனிதர்கள், நல்லபடியாகவே சொன்னார்கள். பாஸ்டர், போதும் நீங்கள் உழைத்தது, ஓய்வெடுங்கள், மகள் வீடு குனோங் ராபாட்டில் இருக்கிறது, போய்ச் சேருங்கள் என்றார்கள். சின்னச் சபைக்குத் தனி ஆள் போடுவது சிரமம், சிலிபினில் இருக்கும் இளம் போதகர் ரூபன் வந்து பார்ப்பார், பெரும்பாலும் உங்கள் சனங்கள் சிலிபின் சபையோடு சேர்ந்துவிட வேண்டியிருக்கும் என்றும் சொன்னார்கள்.

எனக்கு அந்த ஆரஞ்சுப் பழம் தொண்டையில் இறங்கவில்லை. ஆரோக்கியமான தொண்டையாக இருந்தாலும் இறங்கியிருக்காது. சிலிபினுக்குப் போக மரியக்காவிடம் என்ன வண்டி இருக்கிறது? பஸ் கிடையாது. பாதிப் பேர் போகமாட்டார்கள். போகிற பாதியும் அந்தப் பெரிய மண்டபத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு வருவார்கள். அங்கே யாரும் பேர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள். ஒருவர் வராமல் போனால் யாருக்குத் தெரியப்போகிறது?

அது எங்கள் சபையிலேயே ஏற்கெனவே நடந்திருந்தது என்று அடுத்த வாரம்தான் எனக்குத் தெரிந்தது. நான் ஆஸ்பத்திரியில் இருந்த வாரங்களில் எங்கள் சனங்கள் ஒரு காரியம் செய்திருந்தார்கள். பெரட்டை நிறுத்திவைத்துவிட்டார்கள். ஆராதனை நடந்தது, பாட்டு நடந்தது, சமையல் நடந்தது. பேர் கூப்பிடுவதை மட்டும் யாரும் தொடவில்லை. எஸ்தர் அக்காவைக் கேட்டேன்.

"அது ஒங்க வேல பாஸ்டர். நீங்க உசுரோட இருக்கறப்ப வேற ஒருத்தர் நின்னு கூப்ட்டா நல்லா இருக்குமா? அபசகுனம் லா. நீங்க வந்து எடுங்க, நாங்க காத்துகிட்டு இருக்கோம்" என்றார்.

பாசம்தான். பாசம் செய்த தப்பு. அந்த வாரங்களில் ஒன்றில் மரியக்கா காய்ச்சலில் படுத்துவிட்டார். பெஞ்சு காலியாக இருந்ததை நாலு பேர் பார்த்திருக்கிறார்கள், மகன் வீட்டுக்குப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டார்கள். தண்ணீர் மொண்டு குடிக்கக்கூட முடியாமல் கிடந்தவரைப் பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெண் பார்த்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார். நல்லவேளை பிழைத்துக்கொண்டார். நான் பார்க்கப் போனபோது கட்டிலில் சாய்ந்தபடி என்னை முறைத்தார்.

"ஒங்க வாய் அடச்சிப்போச்சின்னா எல்லார் வாயும் அடச்சிக்கணுமா பாஸ்டர்? அன்னிக்கு தூக்கு வரும் வரும்னு வாசலப் பாத்துகிட்டே கெடந்தேன்" என்றார்.

அந்த வார்த்தை என்னைப் பிடுங்கித் தின்றது. வீட்டுக்கு வந்து பின்கட்டில் உட்கார்ந்தேன். வழக்கமான ஜெபத்தைத் தொடங்கினேன், ஆண்டவரே எனக்குக் குரல் கொடும், ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைக்காவது கொடும் என்று. கிரேஸ் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். என் உதடு அசைவதைப் பார்த்தே என்ன கேட்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்துவிடும்.

"கொரலு கொரலுன்னு அவர நச்சரிச்சது போதுங்க. நம்ம போகப்போறோம். இருக்கப்போறவங்களுக்குக் கேளுங்க" என்றாள்.

சொல்லிவிட்டு வெங்காயத்தையும் கத்தியையும் வைத்துவிட்டு என் பக்கத்தில் முழங்கால் போட்டாள். நான் சத்தமில்லாமல் கேட்டேன், அவள் சத்தமாகக் கேட்டாள். நான் கேட்டது இதுதான். ஆண்டவரே, என்னை அனுப்பிவிடும், பரவாயில்லை. எட்டாங்கட்டையில் பெரட்டு நிற்கவேண்டாம். இந்த சனங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட அங்கே ஒரு குரலை எழுப்பும். யார் குரலாக இருந்தாலும் சரி.

"யார் குரலாக இருந்தாலும்" என்று நான் சொன்னதை ஆண்டவர் அப்படியே எடுத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு நான் சபைக்குப் போன முதல் ஞாயிற்றுக்கிழமை அது. கிரேஸ் வேதம் வாசித்தாள், சபைச் செயலாளர் பிரசங்கம் என்று ஏதோ சுருக்கமாகச் சொன்னார். முடிந்ததும் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் பலகையில், "பெரட்டு எடுங்கள். யாராவது" என்று எழுதிக் காட்டினேன். யாரும் எழுந்திருக்கவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். எஸ்தர் அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். நான் எழுந்து நின்று என் காற்றுக் குரலில் முதல் பேரைச் சொன்னேன். முதல் பெஞ்சுக்குக்கூட எட்டவில்லை. மறுபடியும் சொன்னேன். இருமல் வந்தது. அவமானமாக இருந்தது எனக்கு. அழுகையே வந்துவிட்டது.

அப்போது ஜன்னலுக்கு வெளியேயிருந்து வந்தது அந்தக் குரல்.

"மரியக்கா குடும்பம்!"

ரம்புத்தான் மரத்தடியில் மோட்டார் மேல் உட்கார்ந்தபடி, மீன் விற்கிற அதே தொண்டையில் கூப்பிட்டார் முனியாண்டி அண்ணன். மரியக்கா அப்போதுதான் உடம்பு தேறி வந்திருந்தார். தூக்கிவாரிப்போட்டு, "இருக்கேன்!" என்றார். அண்ணன் அடுத்த பேரைச் சொன்னார். அதற்கு அடுத்ததைச் சொன்னார். எங்கே நான் மூச்சு விடுவேனோ அங்கே அவரும் மூச்சு விட்டார். தடுமாறிய இடத்தில் பெண்கள் ஜன்னல் வழியாக எடுத்துக் கொடுத்தார்கள். எல்லாம் அவரிடம் மீன் வாங்குகிற வீடுகள்தானே, அதிகம் தடுமாறவில்லை. கடைசியில், "எஸ்தர், முனியாண்டி குடும்பம்!" என்று தன் பேரைத் தானே கூப்பிட்டார். எஸ்தர் அக்கா, "நான் இருக்கேன்" என்றார். அண்ணன் மரத்து மேலே பறவையைப் பார்க்க ஆரம்பித்தார். அன்று சபை சிரித்த சிரிப்பைப்போல நான் கேட்டதில்லை.

மத்தியானம் வழக்கம்போல் தூக்கோடு அவர் வீட்டுக்குப் போனேன். பலகையில் எழுதினேன்: "எல்லாருக்கும் பேர் கூப்பிட்டீங்க. உங்க பேருக்கு மட்டும் ஏன் பதில் இல்ல? இத்தன வருஷமா ஏன்?"

அவர் படித்துவிட்டுத் தேத்தண்ணியை ஆற்றினார். அப்புறம் சொன்னார்.

"நான் இருக்கேன்னு சொல்லிட்டா நீங்க வரமாட்டீங்களே பாஸ்டர். எனக்கு ஞாயித்துக்கெழமதான் ஒரு சிநேகிதர் வீட்டுக்கு வாராரு. அத ஏன் கெடுத்துக்கணும் லா?"

அவர் ஊற்றிக் கொடுத்ததைக் குடித்தேன். இத்தனை வருஷமாக நான்தான் அவரைத் தேடிப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் எனக்காகக் காத்திருந்தார் என்று அன்றுதான் தெரிந்தது.

அதற்குப் பிறகு எந்த ஞாயிற்றுக்கிழமையும் பெரட்டு நின்றதில்லை. அவர் வெளியேயிருந்து கூப்பிடுவார், உள்ளேயிருந்து பதில் போகும். ஆனாலும் எனக்குப் பயம் தீரவில்லை. சபையே மூடிவிட்டால் பெரட்டு எங்கே எடுப்பது?

நான் விடைபெறும் ஞாயிறு வந்தது. நவம்பர் மாதம், நல்ல மழை. ரூபன் பாஸ்டர் வந்திருந்தார். கண்ணாடி போட்ட, மெலிந்த, மரியாதையான பையன். சபையைச் சிலிபினோடு சேர்ப்பது பற்றிச் சனங்களிடம் பேசவேண்டும் என்று வந்த வழியில் என்னிடம் சொல்லியிருந்தார். அதைச் சொல்கையில் அவருக்கே சங்கடமாக இருந்தது. நான் தலையாட்டினேன். வேறென்ன செய்வேன்?

பிரியாவிடை என்றால் மாலையும் பேச்சும் இருக்கும். எங்கள் சனங்களுக்குப் பேச்சு வராது. ஒருவர் எழுந்தார், "பாஸ்டர்..." என்றார், உட்கார்ந்துவிட்டார். அடுத்தவரும் அப்படியே. மரியக்கா மட்டும், "போயிட்டு வாரேன்னு சொல்லுங்க, போறேன்னு சொல்லாதீங்க" என்றார். அதோடு பேச்சு முடிந்தது. பெரட்டு நேரம்.

தகரக் கூரை மேல் மழை கொட்டுகிறது. ஜன்னலைச் சாத்தியிருக்கிறோம். வெளியே மழைக்கோட்டு போட்டுக்கொண்டு அண்ணன் ஏதோ கத்துகிறார், ஒரு எழுத்து கேட்கவில்லை. எல்லாரும் ஜன்னலையே பார்க்கிறோம். கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. தண்ணீர் சொட்டச் சொட்ட முனியாண்டி அண்ணன் உள்ளே வந்தார். செருப்பை வாசலில் விட்டார். கடைசிப் பெஞ்சுப் பக்கம் நின்றார்.

"வெளிய இருந்தா கேக்கமாட்டுது" என்றார், யாரோ குற்றம் சாட்டியதுபோல. எஸ்தர் அக்கா திரும்பிப் பார்க்கவே இல்லை. தோள் மட்டும் குலுங்கியது.

மழையை மிஞ்சிக் கூப்பிட்டார். ஒவ்வொரு வீடாக, "இருக்கோம்", "இருக்கோம்" என்று வந்தது. தன் வீட்டுப் பேரைக் கூப்பிட்டார். எஸ்தர் அக்கா இருக்கிறேன் என்றார். கோயிலுக்குள்ளேயே நின்றுகொண்டு அண்ணன் வாயைத் திறக்கவில்லை. என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். கடைசித் தடவையாக ஒரு தேத்தண்ணி பாக்கி இருக்கிறது என்று எனக்குப் புரிந்தது.

அதோடு முடியும் என்று நினைத்தேன். அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னொரு பேரைக் கூப்பிட்டார்.

"பாஸ்டர் தேவசகாயம் குடும்பம்!"

அன்பானவர்களே, அந்தப் பெரட்டில் என் பேர் ஒருநாளும் வந்ததில்லை. கூப்பிடுகிறவன் தன்னைக் கூப்பிட்டுக்கொள்வானா? அத்தனை வருஷமும் எல்லாருக்கும் கூப்பிட்டேன், என்னை ஒருவரும் கூப்பிட வழியில்லாமல் இருந்தது. வாயைத் திறந்தேன். இந்தக் காற்று யாருக்குக் கேட்கும் என்று நினைத்த நேரத்தில், கூரை மேல் சத்தம் அடங்கியதைக் கவனித்தேன். மழை விட்டிருந்தது. ஒரு குழந்தைகூட அசையவில்லை.

"இருக்கோம்" என்றேன். கடைசிப் பெஞ்சு வரைக்கும் கேட்டது.

தற்செயல் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். நான் பெரிய குரல் கொடும் என்று கேட்டேன். அவர் என் சின்னக் குரல் கேட்கும் அளவுக்கு ஊரை அமைதியாக்கினார். அந்த மழை எதற்கு வந்தது, எதற்கு நின்றது என்று எனக்குத் தெரியும்.

அண்ணன் இன்னும் நிறுத்தவில்லை. "புது பாஸ்டர் குடும்பம்!" என்றார். ரூபன் பாஸ்டருக்கு ஒன்றும் புரியவில்லை. விழித்தார். மரியக்கா கைத்தடியால் தரையைத் தட்டினார்.

"பதில் சொல்லுங்க தம்பி. இல்லாட்டி மத்தியானம் ஒங்க வீட்டுக்குச் சோறு வந்துரும்!"

"இரு... இருக்கேன்" என்றார் ரூபன் பாஸ்டர். சபை முழுக்கச் சிரிப்பு. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எழுந்து பேசவேண்டிய நேரம் வந்தபோது சிலிபினோடு சேர்ப்பதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "அங்க காலை ஆராதனைய முடிச்சிட்டு நான் பதினோரு மணிக்கு இங்க வந்துர்றேன். உங்களுக்குச் சரியா?" என்று மட்டும் கேட்டார். தலைமை அலுவலகத்தில் என்ன சொல்லிச் சம்மதிக்க வைத்தார் என்று எனக்குத் தெரியாது. சபை இன்றுவரைக்கும் திறந்திருக்கிறது.

நாங்கள் குனோங் ராபாட்டுக்கு வந்துவிட்டோம். மகள் வீட்டுக்குப் பின்னால் சுண்ணாம்பு மலை, முன்னால் வரிசை வீடுகள். அக்கம்பக்கத்தார் நல்லவர்கள், காலையில் வேலைக்குப் போனால் இருட்டினால்தான் வருவார்கள். வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை மகள் குடும்பத்தோடு அவர்கள் சபைக்குப் போய்வந்தோம். மண்டபம் நிறைந்திருந்தது. முடிந்ததும் கார் எடுக்க எல்லாரும் ஓடினார்கள். வீட்டுக்கு வந்து நானும் கிரேஸும் ஆளுக்கொரு நாற்காலியில் உட்கார்ந்தோம். இனிமேல் இப்படித்தான், பழகிக்கொள்ளவேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். கிரேஸ் பேசவே இல்லை. அவள் பேசாமல் இருந்தால் நிலைமை மோசம் என்று அர்த்தம்.

மத்தியானம் வாசலில் மோட்டார் சத்தம் கேட்டது. பின்னாலேயே ஒரு வேன். முனியாண்டி அண்ணன் இறங்கினார். வேனிலிருந்து எஸ்தர் அக்கா, மரியக்கா, இன்னும் நாலைந்து பேர். அண்ணன் கையில் அடுக்குத் தூக்கு.

"என்னாண்ணே, இவ்ளோ தூரம்?" என்று கிரேஸ் ஓடினாள்.

"என்னா பண்றது? இன்னிக்கு ஒங்க பேரக் கூப்ட்டோம். பதில் வரல. சட்டம் சட்டம்தானே லா" என்றார் அண்ணன்.

எங்கள் பேரைப் பெரட்டிலிருந்து அவர்கள் நீக்கவே இல்லை. ஊரை விட்டுப் போனவர்கள், இனி வரமாட்டார்கள் என்று தெரிந்தே கூப்பிட்டிருக்கிறார்கள். கிரேஸ் தூக்கைக் கையில் வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு வாசலிலேயே அழுதாள். ஆஸ்பத்திரியில் யாருக்கும் காட்டாத அழுகையை அன்று எல்லாருக்கும் காட்டினாள். நானும்தான். கோழிக்கறி ஆறிப்போயிருந்தது. அதைவிட ருசியாக நான் சாப்பிட்டதில்லை.

முனியாண்டி அண்ணன் ஞானஸ்நானம் எடுத்துவிட்டாரா என்று சிலர் கேட்கிறார்கள். எடுக்கவில்லை. இப்போதெல்லாம் உள்ளே கடைசிப் பெஞ்சில்தான் உட்காருகிறார். மற்றது அவருக்கும் ஆண்டவருக்கும் உள்ள காரியம், நான் நடுவில் போகமாட்டேன். நான் கேட்ட ஜெபத்துக்குப் பதிலாக வந்தவர் அவர்தான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

உங்களில் யாருக்காவது ஏதாவது பறிபோயிருக்கலாம். வேலை, உடம்பு, வீட்டு மனிதர்கள், எதுவோ. என்னைப்போல் சண்டை போடுங்கள், அவர் கோபித்துக்கொள்ளமாட்டார். அப்புறம் கொஞ்சம் இடம் விட்டுக் கேளுங்கள். உதவி எந்த ஜன்னலுக்கு வெளியே மோட்டாரில் உட்கார்ந்திருக்கிறதோ, உங்களுக்குத் தெரியாது. உங்கள் பேரைப் பெரட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

இப்போது ரூபன் பாஸ்டர் ஒவ்வொரு ஞாயிறும் பெரட்டு நேரத்தில் கைப்பேசியில் என்னை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டு, பீடத்தின் மேல் வைத்துவிடுகிறார். பாஸ்டர் அங்கேயிருந்தே பதில் சொல்லட்டும், வயதானவர்கள் இவ்வளவு தூரம் அலையவேண்டாம் என்று அவருக்கு நல்ல எண்ணம். கைப்பேசியை உதட்டருகே வைத்துக்கொண்டால் என் காற்றுக் குரலும் நன்றாகவே கேட்குமாம். நேற்றும் அழைத்தார். வரிசையாக எல்லா வீடும் பதில் சொன்னது. "பாஸ்டர் தேவசகாயம் குடும்பம்!" என்றார் முனியாண்டி அண்ணன். கிரேஸ் கைப்பேசியை என் வாயருகே கொண்டுவந்து, சொல்லுங்கள் என்று கண்ணால் காட்டினாள். மறுமுனையில் எல்லாரும் காத்திருக்கிறார்கள்.

நான் வாயை இறுக மூடிக்கொண்டேன். அடுப்பில் சோறு வைக்காதே என்று அவளுக்குக் கையால் சைகை காட்டினேன்.